புவனாவுக்கு நான் எழுதிக்கொடுத்த பெயர்ப்பலகை

சிறுவர்களுக்கும் இளையோருக்கும் தொழில் முயற்சி சொல்லிக்கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு வெற்றிக் கதை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். இருபத்தாறு வருஷம் இதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவனிடம் ஒன்றாவது இருக்காதா என்ற நம்பிக்கை. இருக்கிறது. தலைமை அலுவலகம் வழவழப்பான தாளில் அச்சடித்து, என் படத்தையும் போட்டு வெளியிட்ட வெற்றிக் கதையே ஒன்று இருக்கிறது. அதில் விட்டுப்போன பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். விட்டுப்போனது கொஞ்சம்தான். உண்மையில் நடந்தது எதுவோ, அது மட்டும்தான் விட்டுப்போனது.

யுத்த காலம். திருகோணமலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொழில் முனைவோர் ஆக்குவதற்கென்று எங்கள் திட்டம் வந்திறங்கியது. கூடவே ஒரு கைநூலும் வந்தது. எங்கோ குளிர் தேசத்தில் எழுதி, கொழும்பில் யாரோ அவசரமாகத் தமிழாக்கிய நூல். முதல் பாடம்: பிள்ளை வீட்டு வாசலில் மேசை போட்டு வழிப்போக்கர்களுக்கு எலுமிச்சம் பானம் விற்க வேண்டும். எங்கள் ஊரில் வீதியோரம் மேசை போட்டால் முதலில் வரும் வாடிக்கையாளர் சீருடையில், துவக்கோடு வருவார். அவர் கேட்பது பானமாக இருக்காது, அடையாள அட்டையாக இருக்கும். இதை நான் மேலிடத்துக்கு எழுதினேன். "உள்ளூர்ச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. நான் மாற்றினேன். மேசையை வீட்டுக்குள்ளே போடச் சொன்னேன்.

மூன்றாம் பாடம் உற்பத்தி. கைநூலில் ஜாம் இருந்தது, எங்களிடம் விளாம்பழம் இருந்தது. இருபத்துமூன்று பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் விளாம்பழ ஜாம் காய்ச்சினார்கள். இருபத்திரண்டு போத்தல்களிலும் ஒரே நிறம், ஒரே லேபல், ஒரே அடிப்பிடித்த வாசம். கண்காட்சி வைத்தோம். ரிபன் வெட்டினோம். வந்தவர்கள் பிள்ளைகளின் தாய்மார். அவர்கள் எல்லாருடைய வீட்டிலும் ஏற்கனவே ஜாம் இருந்தது. கடைசியில் அலுவலக ஆட்களே வாங்கித் தீர்த்தோம். என் வீட்டு அலுமாரியில் பதினொரு போத்தல் நின்றன. என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "உங்கட பிள்ளையள் வேற ஏதும் எப்ப படிப்பினம்?" என்று கேட்டாள். அறிக்கையில் நான் "உற்பத்திகள் அனைத்தும் விற்பனையாகின" என்று எழுதினேன். பொய் ஒரு சொல்லும் இல்லை.

ஜாம் கொண்டுவராத பிள்ளை ஒன்று இருந்தது. பெயர் புவனா. பதினைந்து வயது. தாயும் அவளும் மட்டும். தகப்பன் வெளிநாடு போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று சொல்லிப் போனவர், இன்னும் சேரவில்லைப்போலும். வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டேன்.

"சேர், எங்கட ஒழுங்கையில ஏழு வீட்டில ஜாம் காய்ச்சினம். நானும் காய்ச்சினால் ஆர் வாங்கிறது?"

"முதலில உற்பத்தி. சந்தை பிறகு. அது ஏழாம் பாடத்தில வரும்" என்றேன் நான்.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் "முயற்சி போதாது" என்று எழுதினேன். இந்த வேலையில் நான் எழுதிய மிக முட்டாள்தனமான வசனம் இதுதான் என்று பல காலம் நினைத்திருந்தேன். அதையும் மிஞ்சிய ஒன்றைச் சில வாரங்களில் நானே எழுதப்போவது அப்போது தெரியாது.

ஒரு நாள் காலை மூதூருக்குப் பயணிகள் படகில், நாங்கள் சொல்லும் லோஞ்சில், போவதற்காக இறங்குதுறைக்குப் போனேன். உங்களில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். லோஞ்சில் ஏறுவதற்கு முன்னால் சென்றி, அதாவது இராணுவச் சோதனைச் சாவடி. ஆட்களை ஒரு வரிசையில் விட்டு, பைகளை மேசையில் கொட்டிச் சோதிப்பார்கள். மாவுக்குள் கை போகும், அதே கை சீனிக்குள் போகும், பிறகு பிள்ளையின் சட்டைக்குள் போகும். பற்றரி, வயர் போன்ற சாமான்களைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் கொண்டுபோக ஏலாது. கடிதம் இல்லாதவர் சாமானை அங்கேயே தகரப் பீப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அல்லது லோஞ்சை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

சென்றிக்கு இருபது யார் தூரம் இந்தப் பக்கம், தன் வீட்டு வேலியோரம் புவனா ஒரு ஓலைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் உள்ளே தெரிகிற பொலித்தீன் சொப்பின் பைகள் ஒரு கட்டு. போகிறவர்கள் அவளிடம் நின்று பையைத் திறந்தார்கள். மாவை ஒரு பையில், சீனியை ஒரு பையில், மருந்தை ஒரு பையில் என்று கட்டி, சோதிக்கிறவர் கேட்கும் ஒழுங்கில் அடுக்கிக் கொடுத்தாள். அவள் கட்டிய பொதியைச் சென்றிக்காரர் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். கை உள்ளே போகாது. கொண்டுபோக ஏலாத சாமானை அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். கழிந்த வருஷத்து நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பாதியைச் சாமானில் ஒட்டி, பாதியை ஆளிடம் கொடுப்பாள். கடிதம் எடுத்துக்கொண்டோ, திரும்பி ஊருக்கு வரும்போதோ அந்தப் பாதியைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கிழிசல் பொருந்த வேண்டும். பைக்கும் காவலுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை.

ஒரு கிழவர் ரோச் லைட்டோடு சென்றியில் மாட்டிக்கொண்டு நின்றார். சோதித்த சிப்பாய் தாடையால் புவனா இருந்த பக்கம் காட்டினான். கிழவர் வந்து அதன் பற்றரியைக் கழற்றிக் கொடுத்து, பாதி நாட்காட்டித் தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார். வரிசை நகர்ந்தது. எல்லாருக்கும் வசதி. யாரும் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.

நான் அசந்துபோய் நின்றேன். உற்பத்தி, சந்தை, சேவை, வாடிக்கையாளர் நம்பிக்கை என்று என் கைநூலில் பத்துப் பாடமாக இருந்தது முழுவதும் அந்த ஓலைப் பாயில் இருந்தது. அந்த இடத்தில் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு லோஞ்சில் ஏறியிருந்தால் நான் புத்திசாலி. நான் பயிற்சி அலுவலர். அவளுடைய தொழிலில் என்ன குறை என்று பார்த்தேன். கண்டுபிடித்தேன்: பெயர்ப்பலகை இல்லை.

எட்டாம் பாடம் விளம்பரம். "வழங்கும் சேவையை ஒரே வசனத்தில், தெளிவாக, எல்லாருக்கும் விளங்கும் மொழியில் எழுதுக."

"போர்ட் வேண்டாம் சேர். வாறவைக்குத் தெரியும்" என்றாள் புவனா.

"தெரியாதவைக்கும் தெரிய வேணும் பிள்ளை. அதுதான் விளம்பரம்."

"தெரியாதவைக்குத் தெரியக்கூடாது சேர்."

இதற்குமேல் ஒரு பிள்ளை எப்படித் தெளிவாகச் சொல்லும்? எனக்கு விளங்கவில்லை. கூச்சப்படுகிறாள், தன்னம்பிக்கைப் பாடம் ஒன்று வைக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். தாயிடம் போய்ச் சொன்னேன். தாய், சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். எங்கள் சனங்களுக்குச் சேர்மாரில் இருந்த நம்பிக்கை அப்படி.

நல்ல தேக்கம் பலகை வாங்கினேன். ஊரிலேயே நன்றாக எழுதுகிறவரைப் பிடித்தேன். மூன்று மொழியிலும் எழுதியது இது: "புவனா பொதி சேவை. கொண்டுசெல்லத் தடை செய்யப்பட்ட பொருட்கள் இங்கே பத்திரமாக வைத்துக்கொள்ளப்படும்." அதற்குக் கீழே, புவனாவின் பெயரைப்போல இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், எங்கள் திட்டத்தின் பெயர்.

ஆம், யுத்த காலத்தில்தான். ஆம், சென்றிக்கு இருபது யார் தூரத்தில்தான். இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர் அந்த வசனத்தை வாசித்தார்கள். ஒருவர் ஒரு எழுத்துப்பிழை திருத்தினார். மற்ற ஐந்து பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பலகை தொங்கிய மூன்றாம் நாள், காலை பத்து மணிபோல, இறங்குதுறையில் லோஞ்சுக்கு ரிக்கற் எழுதுகிறவர் சைக்கிளில் வந்து எங்கள் அலுவலக வாசலில் மூச்சு வாங்கியபடி சொன்னார். புதிய இராணுவ அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்திருக்கிறார். பலகையைத் தன் மொழியில் வாசித்திருக்கிறார். இரண்டாம் தரமும் வாசித்திருக்கிறார். வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில் மூன்று பொதி பற்றரியும் ஒரு சுருள் வயரும் கிடைத்திருக்கின்றன. பற்றரியும் வயரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த நாட்களில் யாரும் மின்சார மணியை நினைக்க மாட்டார்கள், குண்டைத்தான் நினைப்பார்கள். தாயையும் பிள்ளையையும் சென்றிக்குள் மர வாங்கில் இருத்தி வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு இராணுவ ட்ரக் வரும். அதில் ஏற்றினால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று அந்த நாட்களில் யாரும் யாரிடமும் கேட்க ஏலாது.

தாடையால் வழி காட்டின அதே சிப்பாய், புவனாவை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறவன்போல நின்றானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எழுதப்படாதவரைக்கும் அவனுக்கும் அது தெரிந்திருந்தது. எழுதிய பிறகு தெரிந்திருக்க ஏலாது.

மேலாளர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐசே, பதிவேட்டைப் பாத்தனான். அந்தப் பிள்ளை ஜாம் குடுக்கேல்ல. பயிற்சி முடிக்கேல்ல. 'முயற்சி போதாது' எண்டு நீரே எழுதியிருக்கிறீர். அப்ப அவ எங்கட ஆள் இல்லைத்தானே?"

எனக்கு ஒரு கோப்பைத் தேநீரும் வந்தது. குடித்தேன். கால் மணி நேரம் குடித்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் ட்ரக் என்றால் பயம். அந்தச் சிவப்பு மை எவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று கூட ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு எழுந்தேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். தேநீரின் கடைசி மடக்கில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

"மேலாளர், பலகையில எங்கட பேர் இருக்கு" என்றேன்.

"எங்க?"

"கீழ. அவவின்ர பேரை விடப் பெரிசா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் புறப்படும்வரை துடைத்து முடியவில்லை. எங்கள் திட்டம் அந்தப் பிள்ளைக்குச் செய்த ஒரேயொரு உபகாரம், எங்களுடைய தற்பெருமைதான்.

சென்றியில் பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். தாய் என்னைக் கண்டதும் எழுந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்கள் படிப்பிக்க வர முதலே என்ர பிள்ளை உழைச்சுக்கொண்டிருந்தவள் சேர்."

நான் அதிகாரி இருந்த பக்கம் போனேன். 

அதிகாரி இளம் ஆள். கோபக்காரர் இல்லை, அவசரப்படுகிறவரும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பலகையைக் காட்டி, நீயா எழுதினாய் என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடைய சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் எடுக்கும் அளவுக்குத்தான். ஆம் என்றேன். ஏன் என்று கேட்டார். விளம்பரம் என்பதைச் சொல்ல வேண்டும், சொல் வரவில்லை. கையை விரித்துக் காற்றில் ஒரு சதுரம் வரைந்தேன். புவனா வாங்கிலிருந்தபடியே ஏதோ சொன்னாள். அவளுடைய சிங்களம் சென்றியில் படித்தது, தண்ணீர்போல ஓடியது. அதிகாரியின் வாய்க்கோடியில் ஒரு சிறு அசைவு வந்தது. என்ன சொன்னாள் என்று பல நாள் கழித்துக் கேட்டேன்.

"'இவர் எங்கட சேர். போர்ட் போடாட்டி வேலை நடந்ததெண்டு இவையளுக்குத் தெரியாது' எண்டு சொன்னனான்."

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். நாலு பொதியிலும் பாதித் தாள் ஒட்டியிருக்கிறது. மற்றப் பாதி சொந்தக்காரரிடம். நாலு பேரும் இன்றைக்கு இரண்டு மணி லோஞ்சில் வர வேண்டியவர்கள். வந்து கேட்டால் இது அவரவர் சாமான். வராவிட்டால் நீங்கள் நினைப்பதுபோலவே நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி நேரத்தைப் பார்த்தார். சரி, இரண்டு மணி என்றார்.

அத்தோடு விடவில்லை அவள். ஜீப் வாசலில் நின்றால் ஒருத்தரும் கிட்ட வர மாட்டார்கள், பக்கத்து வளவு மதிலுக்குப் பின்னால் விட வேண்டும் என்றாள். சுற்றி நின்ற சிப்பாய்கள் வேலிக்கு உள்ளே போக வேண்டும், தான் எப்போதும்போலப் பாயில் இருக்க வேண்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேர், நீங்களும் மறைவில நில்லுங்கோ. போர்ட்டையும் கொண்டு போங்கோ."

இருபத்தாறு வருஷ சேவையில் நான் சரியாக நிறைவேற்றிய ஒரே அறிவுறுத்தல் அதுதான். மதிலுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஜீப், ஒரு பக்கம் அதிகாரி, நடுவில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்.

லோஞ்ச் வந்தது. முதலில் ஒரு மீன் வியாபாரி, பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய், பிறகு ரோச் கொண்டுவந்த அந்தக் கிழவர். ஒவ்வொருவராகப் பாயில் குனிந்து பாதித் தாளைக் கொடுத்தார்கள். புவனா இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, மதில் பக்கம் தெரியும்படி ஒரு கணம் உயர்த்தினாள். பொருந்தின. மூன்று பொதியும் போயின.

வயர் மட்டும் மிச்சம். பயமே அதில்தான்.

அதன் சொந்தக்காரி மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர். லோஞ்சிலிருந்து இறங்கி வந்தார். வேலிக்குள்ளே சிப்பாயின் சப்பாத்துக் கால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புவனா பக்கம் திரும்பாமலே, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். புவனா அவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிடு பிள்ளை, கூப்பிடு என்று வாய்க்குள் சொன்னேன். நான் கத்த வாயெடுத்ததும் அதிகாரி கையை உயர்த்தினார்.

ஏன் கூப்பிடவில்லை என்று இதையும் பிறகு கேட்டேன். "கூப்பிட்டால் அவவைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி சேர். பிறகு ஆர் என்னட்டச் சாமான் தருவினம்?" என்றாள். நாலு மணி ட்ரக் அவளுக்காகத்தான் வந்துகொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். வாடிக்கையாளர் நம்பிக்கை பற்றி என் கைநூலில் ஆறு பக்கம் இருந்தது. நான் அந்த ஆறு பக்கத்தையும் அதற்குப் பிறகு படிப்பிக்கவே இல்லை.

ரீச்சர் வேப்பமரம் வரைக்கும் போனார். நின்றார். வெயிலுக்குக் குடையை விரித்தார். பிறகு அதை மடக்கிவிட்டுத் திரும்பி வந்தார். பாதித் தாளைக் கொடுத்தார், கைப்பையிலிருந்து கச்சேரி முத்திரை குத்திய கடிதத்தையும் எடுத்தார்.

"என்ர வயர்தான். பள்ளிக்கூட மணிக்கு" என்று வேலியைப் பார்த்தே சத்தமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயந்திட்டியோ பிள்ளை?" என்றார்.

"இல்ல ரீச்சர்" என்றாள் புவனா. சொல்லிவிட்டு, காலையிலிருந்து அழாதவள், இரண்டு பாதித் தாளையும் கையில் பிடித்தபடி விம்மி அழுதாள்.

அதிகாரி கடிதத்தை வாசித்தார். கிழிசலைத் தானே பொருத்திப் பார்த்தார். தாயையும் மகளையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். இனிமேல் ஒருவருடைய சாமானையும் வாங்கி வைக்கக் கூடாது என்றும் சொன்னார். பலகை சாட்சியத்துக்கு வேண்டுமா என்று நான் சைகையில் கேட்டேன். அவர் அதைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். முட்டாள்தனத்துக்குச் சாட்சியம் தேவையில்லை என்று நினைத்திருப்பார். நான் அதைப் புவனாவின் வேலியோரம் சாத்திவிட்டு வந்தேன்.

ஆகவே என் உதவியால் புவனாவுக்குக் கிடைத்தது பாதித் தொழில் நட்டம். சொப்பின் பை மட்டும் மிஞ்சியது. சனங்கள் பற்றரியைத் திரும்பவும் தகரப் பீப்பாவில் போட்டுவிட்டு லோஞ்ச் ஏறினார்கள். அந்த அதிகாரி மாறிப்போன பிறகு, மாதக்கணக்கில் கழித்து, ஒரு நாள் ஒரு சிப்பாயின் தாடை மறுபடி வேலிப் பக்கம் திரும்பியதாம். நாட்காட்டித் தாள் மறுபடி கிழிந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பிள்ளையிடம் போனால் முதலில் அது ஏற்கனவே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். வேண்டாம் என்று அது சொன்னால் கூச்சம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். கேட்டபிறகும் விளங்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் நில்லுங்கள். உங்களுக்குச் சம்பளம் அதற்கும் வரும்.

அந்த வெற்றிக் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். நடந்து ஒரு மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து படமெடுக்க வந்தார்கள். புவனாவின் இடத்துக்குக் கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். தனியாகப் போக முகமில்லாமல் கமராவோடு போனேன். அவள் ஓலைப் பாயை விட்டு எழுந்துவிட்டாள். நாலு கல்லின்மேல் ஒரு பலகை வைத்து, அதன்மேல் பைகளை அடுக்கியிருந்தாள். அவர்கள் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, பலகைமேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விரல்கள் விளிம்புக்கு அடியில் போனபோது பெயின்ற் தடித்த எழுத்துகள் தட்டுப்பட்டன. குனிந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. எங்கள் திட்டத்தின் பெயர்தான், பெரிய எழுத்தாயிற்றே.

படத்தில் நான் சிரிப்பதுபோல இருக்கும். சிரிக்கவில்லை. அந்த நேரம்தான் புவனா பைகளை எண்ணி அடுக்கியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நல்ல பலகை சேர். எழுதினதுதான் கூடிப்போச்சு."